புத்தளக் கரையில் மொழியும் உறவும்



கொச்சிக்கடையில் மாஓயாவைக் கடந்தால் புத்தளம் மாவட்டம் தொடங்கிவிடும். வென்னப்புவ, மாரவில, சிலாபம், முந்தல், பாலாவி என்று வீதி வடக்கே போகின்றது. பாலாவியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு. நேரே போனால் புத்தளம் நகர். இவ்வழியே பஸ்ஸில் போகும் ஒருவர் காதைத் திறந்து வைத்திருந்தாற் போதும், ஒரு வரலாறே கேட்கும். மாரவிலயில் ஏறுகின்றவர் சிங்களத்தில் பேசுவார். அவருடைய நீண்ட பெயரோ வர்ணகுலசூரிய என்று தொடங்கும். உடப்புக்குப் பிரியும் சந்தியில் மீன் கூடையோடு ஏறும் பெண்கள் தமிழில் பேசுவார்கள். புத்தளத்தை நெருங்கும்போது 'வாப்பா', 'உம்மா' என்ற சொற்கள் காதில் விழும். அதுவும் தமிழே, ஆனால் வேறு வாசனையுள்ள தமிழ்.

இன்றைய பேச்சில் நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். ஒரே கரை, ஒரே கடல், பெரும்பாலும் ஒரே தொழில். இவர்களுள் பலருடைய முன்னோர் எதிர்க்கரையிலிருந்து, அதாவது சோழமண்டலக் கரையிலிருந்தோ மலையாளக் கரையிலிருந்தோ வந்தவர்கள் என்று அவரவர் மரபுகளே சொல்லுகின்றன. அப்படியிருக்க, ஒரு பகுதியார் தமிழை விட்டார்கள். மற்றப் பகுதியார் விடவில்லை. ஏன்?

அரசியல் என்று ஒரு சொல்லில் விடை சொல்வோர் உண்டு. அரசியல் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதே அரசியலின் கீழ்தானே எல்லோரும் வாழ்ந்தார்கள்? இரத்தம் என்று சொல்வோரும் உண்டு. அந்த விடை இக்கரையில் ஒரு நாள்கூட நிற்காது. முக்குவர் குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குலத்தாருள் சிலர் கத்தோலிக்கரானார்கள், சிலர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். எனவே வேறிடத்திற் பார்க்கவேண்டியிருக்கின்றது. ஒரு சமூகத்தின் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவர் யார், அதன் கலியாணத்தை நடத்தி வைத்தவர் யார், அதன் தோணி எந்தத் துறைக்குப் போய் வந்தது, அது எவரோடு கொண்டு கொடுத்து வாழ்ந்தது? இந்தத் தொடர்புகள் எந்த மொழியில் ஓடினவோ, அந்த மொழியே அச்சமூகத்தின் மொழியாக நிலைத்தது என்பது என் எண்ணம். அதற்குரிய சான்றுகளைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இக்கரையின் தொடர்புகள் எத்தகையவை என்பதற்கு ஒரு பழைய நேர்ச்சாட்சி மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து மஃபர் எனப்பட்ட தமிழகக் கரைக்குப் புறப்பட்ட அவரது கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளிவிட்டது. ஒதுங்கிய துறையை அவர் 'பத்தாலா' என்று எழுதுகின்றார். அது புத்தளமே என்று அறிஞர் கொள்வர். துறை ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. கரைக்கு வந்த மன்னனின் ஆட்களிடம் இப்னு பதூதா சொன்னது ஒன்றே ஒன்று: தாம் மஃபர் சுல்தானின் உறவினர், அவருடைய நண்பர். அதுவும் பொய்யன்று. மதுரையில் ஆண்ட அந்தச் சுல்தானும் அவரும் அக்கா தங்கையரை மணந்தவர்கள். நம் பேச்சு வழக்கிற் சொன்னால் சகலைப்பாடிகள். அந்த ஓர் உறவுச் சொல் துறையைத் திறந்து விட்டது.

அரண்மனையில் மன்னர் அவரை அருகில் அமர்த்திப் பேசினார். ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கியது என்று யாத்திரிகர் குறித்திருக்கின்றார். வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட கறுவா மரங்கள் கரையிலே குவிந்து கிடந்தன; மஃபராரும் மலபாராரும் விலை கொடாமலே அவற்றை எடுத்துச் சென்றார்கள்; பதிலுக்கு மன்னருக்குத் துணியும் பிறவும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். பாவாதமலைக்குப் போக விரும்பிய விருந்தினருக்கு மன்னர் பல்லக்கும் கொடுத்து, யோகியரையும் பிராமணரையும் வழித்துணையாக அனுப்பினார். ஒரு முஸ்லிம் யாத்திரிகர், ஒரு சைவ மன்னர், பாரசீகத்தில் உரையாடல், யோகியரின் வழித்துணை. அக்காலப் புத்தளத்தில் இவையெல்லாம் ஒரு சில நாட்களிலே நடந்தன.

இப்படித் திறந்து கிடந்த கரையைப் பின்னால் வந்த பறங்கியர் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றக் கட்டளையிட்டபோது அவர்களுக்கு இடமளித்தவர் கண்டி மன்னர் செனரத். புத்தளம் கண்டியரசின் துறையாக இருந்தது. களப்பின் வாயிலில் அமர்ந்திருக்கும் கற்பிட்டியோ போர்த்துக்கேயரிடமும், பின்னர் ஒல்லாந்தரிடமும் இருந்தது. இன்று நாம் பார்க்கும் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667க்கும் 1676க்கும் இடையிற் கட்டினார்கள். கண்டியாரின் வாசலில் ஒரு பூட்டுப் போல அது நின்றது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. உப்பும் அவர்கள் கைக்குப் போயிற்று. புத்தளம் என்ற பெயரே 'புது அளம்', அதாவது புதிய உப்பளம், என்பதிலிருந்து வந்தது என்று சைமன் காசிச்செட்டி விளக்கம் தந்திருக்கின்றார். காசிச்செட்டியைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

முதலில் கத்தோலிக்கரின் கதை. தமிழை விட்டவர்கள் இவர்களுள்ளேதான் இருக்கின்றார்கள் என்பதால் இதைச் சற்று ஆறுதலாகப் பார்க்கவேண்டும்.

ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்து குருமாரைத் துரத்தியிருந்த காலத்தில், கோவாவில் பிறந்த யோசப் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணப் பகுதிக்கு வந்து சேர்ந்தார். அங்கே நெருக்கடி முற்றியபோது 1690இல் புத்தளத்துக்கு வந்தார். புத்தளம் கண்டி மன்னரின் ஊர் அல்லவா? ஒல்லாந்தர் கை அங்கே எட்டாது. ஏறத்தாழ ஓராண்டு அங்கே பணி செய்து, 1692இல் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய உளவாளி என்று அங்கே அவரைச் சிறையிட்டார்கள் என்பது வேறு கதை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியதை நேயர்கள் அறிவீர்கள்.

வாஸ் அடிகளாரின் பின்னே வந்தவர்களுள் யாக்கோமே கொன்சல்வேஸ் அடிகளார் முக்கியமானவர். 1705இல் வந்த அவர் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழியிலும் நூல்கள் செய்தார். அச்சகம் கத்தோலிக்கருக்குக் கிட்டாத காலம் அது. அவருடைய நூல்கள் ஏட்டில் எழுதப்பட்டு, கைக்குக் கை, கோயிலுக்குக் கோயில் பரவின. 1742இல் அவர் இறந்த போலவத்தை இதே புத்தளம் மாவட்டத்தில்தான் இருக்கின்றது. குருவானவர் ஆண்டுக்கு ஒரு முறை வந்தாலும் வராவிட்டாலும், ஊருக்கு ஓர் அண்ணாவியாரோ மூப்பரோ ஏட்டைப் படித்துச் செபம் சொல்லிக்கொடுத்ததால் சபை அழியாமல் இருந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்த வலைப்பின்னல் தொடக்கத்திலிருந்தே இரு மொழியில் ஓடியது. ஒரு குடும்பம் தமிழில் செபித்தாலும் சிங்களத்தில் செபித்தாலும் அது அதே சபையின் குடும்பமே. மொழியை மாற்றினால் மதத்தைவிட்டு விலகவேண்டும் என்ற நிலை அங்கே இருக்கவில்லை. பின்னால் நடந்ததற்கு வித்து இதிலேயே கிடந்தது என்பேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இக்கரை மக்களின் முகம் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. முன்னே அது கடலை நோக்கியிருந்தது. தோணிகள் எதிர்க்கரைக்குப் போய் வந்தன. பின்னே தென்னந்தோட்டங்கள் வந்தன. சிலாபம், குருநாகல், புத்தளம் மூன்றும் சேர்ந்து தென்னை முக்கோணம் என்ற பெயரைப் பெற்றன. ரயில் 1909இல் நீர்கொழும்புக்கும், 1916இல் சிலாபத்துக்கும், 1926இல் புத்தளத்துக்கும் வந்தது. மீனும் கொப்பராவும் ரயிலில் கொழும்புக்குப் போயின. வேலை தேடிய பிள்ளையும் அதே ரயிலில் போனான். மீன் முதலாளி கொழும்பில், தோட்டத்துரை கொழும்பில், மேற்படிப்பு கொழும்பில். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தத் திசையிலேயே நடந்தன.

1939இல் சிலாபம் தனி மறைமாவட்டமாயிற்று. 1940 முதல் 1972 வரை அதன் ஆயராக இருந்தவர் எட்மண்ட் பீரிஸ் ஆண்டகை. அவர் சிங்கள இலக்கிய ஆராய்ச்சியாளராகப் பெயர் பெற்றவர். அவருடைய காலத்திலேயே இக்கரையின் பங்குப் பாடசாலைகள் பல தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. இந்த மாற்றத்தை அவர் ஒருவர் தலையில் ஏற்றிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கின்றது. அது வரலாற்றை மிக எளிதாக்கிவிடும் செயல் என்றே எனக்குப் படுகின்றது. 1945இல் தொடக்க வகுப்புகளில் தாய்மொழியே போதனா மொழி என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. நல்ல கொள்கை. யார்தான் அதை எதிர்ப்பார்கள்? ஆனால் வீட்டில் பாட்டியோடு தமிழும், சந்தையில் சிங்களமும் பேசிய ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்குத் தாய்மொழி எது? ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இரு மொழியும் தனது என்றிருந்த வீட்டைப் பதிவேடு ஒரு மொழி வீடாக்கியது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1960இன் இறுதியிலும் 1961இன் தொடக்கத்திலும் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அதற்கு முன்னரே திசை தீர்ந்துவிட்டது.

இரண்டு தலைமுறை போதுமாயிற்று. பாட்டி தமிழில் செபமாலை சொன்னாள். மகள் இரண்டும் அறிந்திருந்தாள். பேரப்பிள்ளைக்குப் பாட்டியின் செபம் ஓர் ஓசையாக மட்டும் கேட்டது. மொழியியலார் இதைப் பல நாடுகளிற் கண்டிருக்கின்றார்கள். அமெரிக்காவிற் குடியேறியவர்களின் மொழிகளும் பொதுவாக மூன்றாம் தலைமுறையிலேயே மங்கிப் போகின்றன. வேறுபாடு ஒன்றுதான்: அவர்கள் நாடு விட்டு நாடு போனவர்கள். இவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இடம் மாறாமலே மொழி மாறியது.

எல்லாம் துடைத்தெடுத்தாற்போலப் போய்விட்டதா என்றால், இல்லை. தெப்பம் இன்று சிங்களத்தில் 'தெப்பம' என்று மிதக்கின்றது. குடிப்பெயர்கள் அப்படியே நிற்கின்றன. மாவட்ட எல்லைக்குத் தெற்கே நீர்கொழும்பு மீனவர் சிலரிடையே ஒரு தமிழ் இன்னும் வழங்குகின்றது. அதை ஆராய்ந்தவர்கள் அதன் இலக்கணம் சிங்களத்தை நோக்கி வளைந்துவிட்டதாகச் சொல்கின்றார்கள். 'நான் போனேன், அவன் போனான்' என்று வினையின் இறுதியில் நாம் காட்டும் வேறுபாடு அங்கே மறைந்திருக்கின்றது. பேச்சுச் சிங்களமும் அப்படித்தானே? கற்பிட்டிப் பக்கத்திற் போனால் இன்றும் தமிழிலேயே செபிக்கும் கத்தோலிக்கரைக் காணலாம். தலவில புனித அன்னம்மாள் கோயிலின் பெருநாட்களில் இரு மொழியும் ஒலிக்கும். ஆக, மதம் மாத்திரம் மொழியைத் தீர்மானிக்கவில்லை. கொழும்பு ரயிலோடு பிணைந்த பங்குகள் ஒரு பக்கம் போயின. களப்போடும் வடக்கோடும் பிணைந்திருந்த பங்குகள் அங்கேயே நின்றன.

இம்மக்கள் பலவந்தமாக மாற்றப்பட்ட தமிழர்கள் என்று ஒரு சாரார் எழுதுகின்றார்கள். எக்காலத்தும் சிங்களவராயிருந்து இடையிலே தமிழ் பேசியவர்கள் என்று மறு சாரார் எழுதுகின்றார்கள். இரண்டு கூற்றிலும் அந்த மக்களே இல்லை. பிள்ளைக்கு எது வழி திறக்கும் என்று பார்த்து முடிவெடுத்த ஆயிரக்கணக்கான தாய் தந்தையரை இரு சாராரும் மறந்துவிடுகின்றார்கள்.

இனி முஸ்லிம்களின் பக்கம் வருவோம். தமிழகக் கரையிலே காயல்பட்டினமும் கீழக்கரையும், இலங்கையிலே புத்தளம், கற்பிட்டி, மன்னார், பேருவளை, காலி முதலிய ஊர்களும் பல நூற்றாண்டுகளாக ஒரே முற்றம் போல இருந்தன. வணிகர் வந்தார்கள். அவர்களோடு ஆலிம்களும் லெப்பைமாரும் வந்தார்கள். பள்ளியில் ஓதிக்கொடுத்தவர், மீலாத் மௌலிதுக்குத் தலைமை தாங்கியவர், மார்க்க சட்டம் கேட்டால் பதில் சொன்னவர் எல்லோருக்கும் பொது மொழி தமிழ். அரபு எழுத்தில் தமிழ் எழுதும் அரபுத்தமிழ் என்ற முறை இந்த முற்றத்தின் சொந்தச் சொத்து. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புது எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு பெண், தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காமலே தமிழ் நூல் படிக்க இது வழி செய்தது. இந்த ஒரு நன்மைக்காகவே அரபுத்தமிழைக் கேலி செய்வோரோடு நான் வாதாட ஆயத்தம்.

கீழக்கரையிலிருந்து பணியாற்றிய மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) இலங்கையின் ஊர்கள் பலவற்றுக்கு வந்து பள்ளிகளையும் தைக்காக்களையும் நிறுவியவர். அவர் அரபுத்தமிழில் எழுதிய 'மகானி' என்ற சட்ட நூல் கடலின் இரு கரையிலும் வீடுகளிற் படிக்கப்பட்டது. ஒருவர் எழுதிய நூல் இரு நாட்டுப் பெண்களுக்கும் ஒரே சொல்லால் ஒரே சட்டத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது, அவர்கள் ஒருவரையொருவர் காணாமலே ஓர் ஊராராகிவிடுகின்றார்கள். 1882இல் அறிஞர் சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதை அவர் தமிழ் எழுத்தில் நடத்தினார். காலப்போக்கில் அரபுத்தமிழ் வழக்கொழிந்தது, தமிழ் நின்றது. பாத்திரம் மாறினாலும் உள்ளிருந்தது சிந்தவில்லை.

ஏன் சிந்தவில்லை என்பதே நம் கேள்வி. 1948இல் சுதந்திரமும் குடியுரிமைச் சட்டமும் வந்தபின் கடல் மூடப்பட்டது. நேற்றுவரை தோணியில் வந்தவன் இன்று 'கள்ளத்தோணி' ஆனான். காயலாரும் கீழக்கரையாரும் முன்போல வந்து போக முடியவில்லை. கத்தோலிக்கருக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர்ந்திருக்கலாம். ஆனால் அதற்குள் புத்தளம் காசிமிய்யா போன்ற அரபுக் கல்லூரிகள் இந்நாட்டிலேயே வேரூன்றியிருந்தன. ஆலிம்களை இறக்குமதி செய்யவேண்டிய தேவை இருக்கவில்லை, இங்கேயே உருவாக்கினார்கள். அவர்கள் தமிழிலேயே பயான் செய்தார்கள். குத்பா அரபில் இருந்தாலும் விளக்கம் தமிழில் இருந்தது. ஆசிரியரை உருவாக்கும் இடம் எவரிடம் இருக்கின்றதோ, மொழி அவரிடம் இருக்கும். சிலாபக் கத்தோலிக்கரிடம் தமிழ்க் குருவையும் தமிழ் ஆசிரியரையும் உருவாக்கும் இடம் இருக்கவில்லை. என் வாதத்தின் ஆணிவேர் இந்த வேறுபாடுதான்.

உடப்பின் கதையைச் சுருக்கமாகவே சொல்கின்றேன்; நேரம் போதாது. இராமேசுவரக் கரையிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவ்வூரார் மரபு. அங்கே பார்த்தசாரதி திரௌபதியம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் பதினெட்டு நாள் பாரதக் கதையோடு விழா நடந்து தீமிதிப்பில் முடிகின்றது. அந்தக் கதைக்குள் ஊரார் அவரவர் பங்கை ஏற்றுச் செய்கின்றார்கள். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாடலும் அப்படித்தான். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, வடம் பிடித்த அத்தனை பேரும் ஏற்றுப் பாடவேண்டும். மொழி தெரியாதவன் வடத்தைப் பிடிக்கலாம், தாளத்தைப் பிடிக்க முடியாது. அந்த ஊருக்கு வெளியிலிருந்து ஆசான் தேவைப்படவில்லை. சிங்கள மக்கள் தீமிதிப்புக்குத் திரளாக வருகின்றார்கள், முன்னேசுவரத்துக்கும் வருகின்றார்கள். வருகின்றவர்களால் உடப்பின் மொழி மாறவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு சிற்றூர் புத்தளத்துக்கு அருகிலேயே இருக்கின்றது: சிரம்பியடி. பறங்கியரும் பிரித்தானியரும் படைக்கென்று கொண்டுவந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றார்கள். பிரித்தானியர் தமது படைப்பிரிவைக் கலைத்தபின் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியமர்ந்தவர்கள். படையில் இருந்தவரை அவர்களிடையே போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேச்சு மொழியாக இருந்தது. படை கலைந்தது, அதைப் பேசுவதற்கு வெளியே ஆளில்லாமற் போயிற்று. இன்று அவர்கள் பெரும்பாலும் சிங்களமே பேசுகின்றார்கள். ஆயினும் 'மஞ்சா' என்ற பாடல்களை அந்த மொழியிலேயே பாடி ஆடுகின்றார்கள். பொருள் முழுவதும் விளங்காத சொற்கள், வாயில் மட்டும் வாழ்கின்றன. சேர்ந்து பாடவேண்டியிருந்ததால் பாட்டு பிழைத்தது. சேர்ந்து பேச ஆளில்லாததால் பேச்சுப் பிழைக்கவில்லை.

இவ்வளவு இழைகளும் ஒருங்கே ஓடிய ஊர் கற்பிட்டி. சைமன் காசிச்செட்டி அங்கே 1807இற் பிறந்ததில் வியப்பில்லை. கோட்டை, துறை, நீதிமன்றம், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்த ஊரில் ஒரு கூரிய பிள்ளை பல மொழிகளைக் கற்றது இயல்பே. 1834இல் அவர் வெளியிட்ட 'இலங்கை வர்த்தமானக் கோவை' என்று நாம் சொல்லக்கூடிய ஆங்கில நூல், ஊர் ஊராக இந்நாட்டை அகரவரிசையில் விவரித்தது. 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் உறுப்பினராக இருந்தார். பின்னர் சிலாபத்தில் நீதிபதியானார். 1859இல் சுமார் இருநூறு தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் தொகுத்துத் தந்து, மறு ஆண்டு காலமானார். தமிழ்ப் புலவர் வரலாற்றை முதலில் தொகுத்தவர்களுள் ஒருவர் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பிறக்காமல், கற்பிட்டி மணற்றிட்டியிற் பிறந்தார் என்பதை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை.

இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் நம் கண்முன்னே நடந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தாருக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசமே கொடுக்கப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 75,000 பேர். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். ஏன் புத்தளம்? எல்லை அருகே என்பது ஒரு காரணம். மன்னாருக்கும் புத்தளத்துக்கும் இடையில் முன்னரே கொண்டு கொடுத்த உறவு இருந்தது என்பது அதனினும் பெரிய காரணம். உறவின் வழி எதுவோ அதன் வழியே அகதியும் வந்தான். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோப்புகளையும் திறந்து விட்டார்கள்.

வந்தவர்கள் தனித்தனி ஆளாகக் குடியேறவில்லை. ஊர் ஊராகக் குடியேறினார்கள். நாகவில்லுப் பக்கத்தில் ஓர் எருக்கலம்பிட்டி உருவாயிற்று. ஒரே ஊரார் ஒரே வரிசையில் குடிசை போட்டார்கள். தம் பள்ளியைக் கட்டினார்கள். தம் ஆசிரியர்களைக் கொண்டே பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினார்கள். ஆண்டுகள் ஓட, விருந்தினர் என்ற சொல் மெல்லத் தேய்ந்தது. கூலி வேலை, குடிநீர், பாடசாலை அனுமதி, பல்கலைக்கழகத்துக்கான மாவட்டப் பங்கு ஆகியவற்றில் உரசல்கள் எழுந்தன. ஒரே மொழி, ஒரே மார்க்கம் என்பதால் உரசல் இராது என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். எனினும் கலியாணங்கள் நடந்தன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தின் ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுள் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர் சிங்களவர். அத்தகைய மாவட்டத்தில் தமிழ் மொழிமூலப் பாடசாலைகளின் வகுப்பறைகளை நிறைத்ததில் வடக்கிலிருந்து வந்தவர்களின் பங்கு பெரிது.

2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினார்கள். பலர் பாதி இங்கும் பாதி அங்குமாக இருக்கின்றார்கள். காணி மன்னாரில், கடை புத்தளத்தில். மௌத்தானவரின் கபுறு ஓரிடத்தில், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம் வேறிடத்தில். வாக்காளர் இடாப்பிலும் இதே சிக்கல். 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று, மன்னாரில் வாக்களிப்பதற்காக நூற்றுக்கு மேற்பட்ட பஸ்கள் வரிசையாகப் புத்தளத்திலிருந்து புறப்பட்டன. தந்திரிமலைப் பக்கத்தில் வீதியில் தடை போட்டு, பஸ்கள் மீது துப்பாக்கிச் சூடும் கல்வீச்சும் நடத்தினார்கள். உயிரிழப்பு இல்லை. பஸ்கள் தொடர்ந்து மன்னாருக்குப் போயின. அவற்றிலே தம் ஊருக்கு வாக்களிக்கப் போனவர்களுள் இருபத்தொன்பது வயதுக்குக் குறைந்த எவரும் 1990 ஒக்டோபரில் பிறந்திருக்கவேயில்லை.